தண்ணீரில் இறங்காத இரண்டு பேர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. உன் அம்மாவுக்கு மூன்று நாளாக ஜலதோஷமும் இருமலும். எனக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, மனசு தான் எரிச்சலாக இருக்கிறது. அந்த எரிச்சலில் பாதி உன் மேல். மீதிப் பாதி யார் மேல் என்பதைக் கடிதம் முடிவதற்குள் நீயே தெரிந்துகொள்வாய்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து கனகம் ஒரு மாதிரியாக இருக்கிறாள், கடற்கரைக்குக் கூப்பிட்டால் வர மறுக்கிறாள், உங்கள் ஹெட் கிளார்க் வீட்டு அம்மா வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டும் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டாள், நாகப்பட்டினத்துப் புழுக்கத்திலும் மேலே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு திரிகிறாள், உனக்குத் தலைகுனிவாக இருக்கிறது என்றெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறாய். நடுவில் ஒரே ஒரு வரி: "நான் விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னேன், அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்." என்ன வார்த்தை என்று மட்டும் எழுதவில்லை. கடைசியில் எனக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறாய். பொங்கலுக்குத் திருமழபாடிக்கு, அவள் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள்; நீங்கள் வாத்தியார், நாலு உதாரணம் சொல்லி அவளுக்கு ஒரு கடிதம் எழுதினால் கேட்பாள் என்கிறாய்.

அந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"என்னா வார்த்தை சொன்னானாம்?"

"அதை எழுதல."

"எழுதக்கூடிய வார்த்தையா இருந்தா எழுதியிருப்பான்ல. நீங்க பாட்டுக்கு மைக்கூட்டைத் தொறந்துடாதீங்க. நேர்ல போவம்."

மறுநாளே கிளம்பினோம். அரியலூரிலிருந்து திருமானூர் வரைக்கும் கரியில் ஓடுகிற பஸ். உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோல் பஸ் நம் பக்கத்துக்கு இன்னும் வந்தபாடில்லை. வழியில் இரண்டு இடத்தில் நின்று, கரி கிளறி, இறங்கித் தள்ளி, அங்கிருந்து மாட்டு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கனகம் உள்ளேயிருந்து வந்து, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றாள். தை மாதக் குளிருக்குப் போர்த்தியிருக்கிறாள் என்று நான் முதலில் நினைத்தேன். அடுப்படியில் வேர்க்க வேர்க்க நின்றபோதும் அந்தத் துப்பட்டி இறங்கவில்லை. சம்பந்தியம்மா உன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒரு வேளைதான் திங்கிறா, அண்ணி. ஒரு கரண்டி கூட வச்சா தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிடுறா. புள்ள பாலுக்குக் கத்துது. என்னாடின்னு கேட்டா, உடம்பு வத்தட்டும்னு சொல்லுறா. பால் குடுக்கிறவ சொல்லுற பேச்சா இது?"

தம்பி, இதை நீ எழுதவில்லை. உனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாமல் எப்படி இருந்தது என்பதுதான் என் கேள்வி. நாலு பக்கம் எழுதியவன் அவள் தட்டை ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

இந்த இடத்தில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவள் சாப்பாடு பரிமாற வந்தபோது, என் பழக்கம் விடவில்லை. "இங்க பாரு கனகம், கோயில் ஆனை இருக்கு. அது என்னைக்காவது தன் உடம்பைப் பாத்து வெக்கப்பட்டிருக்கா? கம்பீரமாத்தானே நடந்து போவுது?" என்று ஆரம்பித்தேன். அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. உள்ளே போய்விட்டாள். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது.

"ஆனையாம்ல ஆனை. சாப்புட்டது போதும், எந்திரிங்க."

மறுநாள் காலை வெயில் ஏறியதும் உன் அம்மா, "ஆத்துல போய் ரெண்டு குடம் தண்ணி எடுத்துக்கிட்டு வருவம் வாடி" என்று அவளைக் கிளப்பினாள். குடம் தூக்க என்னையும் வரச் சொன்னாள். இந்த மாதத்தில் கொள்ளிடம் எப்படி இருக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளம் வடிந்து, கலங்கல் தெளிந்து, பாதி அகலத்துக்கு மணலும் பாதிக்குத் தண்ணீருமாகக் கிடக்கும். பெண்கள் குளிக்கிற துறை நாணலுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கமே, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். காற்று என் பக்கம் வீசியதால் அவர்கள் பேச்சு எல்லாம் கேட்டது.

"இப்ப சொல்லுடி. என்னா சொன்னான்?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா பட்டினி கிடக்கிற?"

குடத்தை மணலில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள். உங்கள் ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று பேரும் அவர்கள் சம்சாரங்களும் மணலில் உட்கார்ந்திருந்தார்களாம். கடலை அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆற்றில் வளர்ந்த பெண் அல்லவா, யாரையும் கேட்காமல் இறங்கிவிட்டாள். முழங்கால், இடுப்பு என்று போய், ஒரு அலை வந்து அவளை உட்கார வைத்து, அடுத்த அலை எழுப்பிவிட்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே கரைக்கு ஏறி வந்தாளாம். கட்டியிருந்தது கண்ட்ரோல் கடையில் அளந்து கொடுக்கிற மெல்லிய புடவை. நனைந்தால் அது தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுகிறவளுக்குத்தான் தெரியும்.

"அப்ப அவரு சொன்னாரு அத்தை, 'ஒதுங்குங்க ஒதுங்குங்க, கப்பல் கரை தட்டிருச்சு'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன் அத்தை. அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. அத்தனை பேருக்கு முன்னாடி நானும் சேந்து சிரிச்சுட்டேன்."

உன் அம்மா நாணலைத் தாண்டி எனக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"என்னாங்க, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு," என்றேன்.

அந்த வார்த்தை உனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ யோசித்திருக்க மாட்டாய். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது என் வகுப்பிலிருந்து வந்தது.

உனக்குப் பதினொரு வயது. நாம் அப்போது திருமழபாடியில் இருந்தோம், போர்டு ஸ்கூலில் நீ என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். எது மிதக்கும், எது முழுகும் என்ற பாடம். ஒரு வாளித் தண்ணீர் வைத்து ஆணியைப் போட்டேன், முழுகியது. கட்டையைப் போட்டேன், மிதந்தது. கனமான பித்தளைக் கிண்ணத்தை மெதுவாக வைத்தேன், அதுவும் மிதந்தது. அங்கேதான் பையன்களுக்குப் புரியவில்லை. கனமாக இருப்பது எப்படி மிதக்கும் என்று விழித்தார்கள். உன் அம்மா அந்த நாளில் தினமும் கொள்ளிடத்தில்தான் குளிப்பாள். பெரிய உடம்பு. ஆனால் தண்ணீரில் இறங்கிவிட்டால் மல்லாந்து, கையை விரித்துக்கொண்டு, கரையில் துணி துவைக்கிற பெண்களிடம் அங்கிருந்தே வம்பு பேசுவாள். ஊரில் அவளைப்போல நீந்த ஒருத்தியும் இல்லை. எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமையில் வகுப்பில் சொன்னேன்: "நம்ம வூட்டு அம்மாவைப் பாத்திருக்கீங்கல்ல? ஆளு கப்பல் மாதிரி. ஆத்துல முழுகுறாங்களா? மிதக்குறாங்களா?"

வகுப்பே உருண்டு சிரித்தது. எல்லோரும் திரும்பி உன்னைப் பார்த்தார்கள். நீயும் சிரித்தாய். பதினொரு வயதுப் பையன் அந்த இடத்தில் வேறு என்ன செய்வான்? எனக்கோ ஒரே திருப்தி. அந்த வருஷப் பரீட்சையில் அந்தக் கேள்விக்கு ஒருவன்கூடத் தப்பாக எழுதவில்லை.

மறுநாள் உன் அம்மா ஆற்றுக்குப் போகிறபோது கரையில் நின்ற பையன்கள், "கப்பல் வருதுடோய், ஒதுங்குங்க" என்று கத்தியிருக்கிறார்கள். அவள் உலர்ந்த புடவையோடு திரும்பி வந்தாள். ஏன் குளிக்கவில்லை என்றேன். தண்ணி இல்லை என்றாள். ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். இரண்டு நாள் கழித்துத்தான், "பள்ளிக்கூடத்துல என்னைப் பத்தி என்னா சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுக்கும் அந்தப் பாடத்தை விளக்கினேன். கிண்ணம், தண்ணீர், கனம் எல்லாம் சொன்னேன். "உன்னைப் பெருமையாத்தானே சொன்னேன்" என்றேன். "சரி" என்று எழுந்து போனாள். அதற்குப் பிறகு கொல்லையில் கீற்றுத் தட்டி கட்டி, குடத்துத் தண்ணீரில்தான் குளியல். நாம் அரியலூருக்கு வந்த பிறகும் அப்படியே. உன் கல்யாணத்துக்கு முதல் நாள் உறவுக்காரப் பெண்கள் எல்லாம் இதே துறையில் இறங்கிக் கும்மாளம் போட்டபோது உன் அம்மா கரையில் நகைகளைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது ஒருத்தர் நகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்தானே என்று நானும் நினைத்துக்கொண்டேன். பதினெட்டு வருஷம், தம்பி.

என் வகுப்பில் ஒரு திக்குவாய்ப் பையன் இருந்தானே, உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் வாசிக்கும்போது யாராவது சிரித்தால் அன்றைக்குப் பாடம் கிடையாது என்று சட்டம் போட்டிருந்தேன். ஒருவன் சிரித்தபோது எல்லோர் முன்னாலும் அவனை மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அடுத்த வருஷம் அந்தப் பையன் ஆண்டு விழாவில் மேடையேறிப் பேசினான். அவ்வளவு தெரிந்த எனக்கு, உன் அம்மா கேட்ட மறுநாளாவது வகுப்பில் எழுந்து நின்று, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு, இனி அந்தப் பேரை யாரும் சொல்லக் கூடாது" என்று சொல்லத் தோன்றவில்லை. ஐந்து நிமிஷ வேலை. பாடம் பாக்கி இருந்தது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அதே ஆற்றில் நாம் ஆண்பிள்ளைகள் எப்படிக் குளித்தோம்? கோவணத்தோடு, வயிறு முன்னால் போக, முதுகு வளைந்து, மயிர் முளைத்த தோளோடு, ஊர் பார்க்க நடு ஆற்றில் நின்று பல் தேய்த்தோம். யாராவது பெயர் வைத்தார்களா? போன தீபாவளிக்கு நீ வந்தபோது உன் வேட்டி தொப்பைக்குக் கீழே இறங்கி நின்றது. உன் அம்மா பார்த்தாள், நான் பார்த்தேன், கனகமும் தினம் பார்க்கிறாள். உன் சிநேகிதர்களுக்கு முன்னால் அவள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தால் உனக்கு அன்று சோறு இறங்கியிருக்குமா? இரண்டு பிள்ளைகளைச் சுமந்த வயிறு அவளுடையது. உன்னுடையது என்னத்தைச் சுமந்தது?

சரி, ஆற்றங்கரைக்கு வருகிறேன். நான் "விழுந்துச்சு" என்று சொன்னதற்குப் பிறகு உன் அம்மா கனகத்திடம் சொல்வது கேட்டது. "இந்தா பாரு, அந்த வார்த்தை உனக்குப் புதுசு. எனக்கு அது பதினெட்டு வருசப் பழசு. அதுக்குப் பயந்து நான் கொல்லையில உக்காந்து குளிச்சேன். என்னா கிடைச்சுது? முழங்கால் வலிதான் கிடைச்சுது." அதோடு தண்ணீர் சத்தம். அவள் கட்டிய புடவையோடு இறங்கிவிட்டாள்.

"அத்தை, அந்தப் பக்கம் ஆழம்!"

"நீஞ்சத் தெரிஞ்சவளுக்கு ஆழம் என்னாடி?"

"பதினெட்டு வருசம் ஆச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க! அத்தை! நில்லுங்க!"

பிறகு இன்னொரு ஆள் இறங்குகிற சத்தம். துப்பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கியிருக்கிறாள். அது காற்றில் பறந்து வந்து என் பக்கத்து நாணலில் மாட்டிக்கொண்டது. நான் சொன்ன யானை அவளை இறக்கவில்லை, நீ கேட்ட கடிதமும் இறக்கியிருக்காது. மாமியார் முழுகிவிடுவாளோ என்ற பயம்தான் இறக்கியது. கொஞ்ச நேரத்தில் பயந்த குரல் மாறி, இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொள்வது கேட்டது. அப்புறம் சிரிப்பு. உன் அம்மாவின் அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. கோபுரத்தில் எத்தனை புறா உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வெயில் உச்சிக்கு வருகிற வரைக்கும் அவர்கள் கரையேறவில்லை.

அன்று மத்தியானம் கனகம் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சம்பந்தியம்மா பரிமாறிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "சபாஷ், இனிமே நாகப்பட்டினம் போனாலும் கடல்ல இறங்குவல்ல?" என்று கேட்டுவிட்டேன். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஆறு வேற, கடல் வேற மாமா. இங்க யாரும் என்னைப் பாத்துச் சிரிச்சதில்ல. அங்க போனா அவங்க மூணு பேரும் இருப்பாங்க. அவரும் இருப்பாரு."

தம்பி, இதற்கு என்னிடம் உதாரணம் இல்லை. நான் எத்தனை கடிதம் எழுதினாலும் அவளைக் கடலில் இறக்க முடியாது. அவள் மனசைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும், மற்றவர் பேச்சைப் பொருட்படுத்தக் கூடாது என்று நீயும் நானும் சுலபமாகச் சொல்லிவிடலாம். சிரித்தவன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு? உன் பிள்ளை பால் இல்லாமல் அழுதது இந்த ஒரு வார்த்தையால். நான் சொல்லிக் கொடுத்த வார்த்தையைத்தான் நீ சொன்னாய், அதனால் என் பங்கைக் கழித்துக்கொண்டுதான் உன்னைக் கேட்கிறேன். ஆனால் நான் கேட்பது சின்ன விஷயம் இல்லை.

அவளுக்குப் புதுப் புடவை வாங்கி வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் நிற்காதே. தனியாக அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு முடிந்தது என்றும் நினைக்காதே. எந்த மூன்று பேர் முன்னால் சொன்னாயோ அந்த மூன்று பேரிடமும் போய், நான் சொன்னது தப்பு, என் சம்சாரத்தைப் பற்றி அப்படிப் பேச எனக்கு உரிமை இல்லை, நீங்கள் சிரித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல். உனக்கு நாக்கு கூசும். அவர்கள் உன்னைப் பெண்டாட்டிதாசன் என்பார்கள். அந்தப் பெயரோடு ஒரு மாதம் ஆபீசுக்குப் போய் வா. பெயர் ஒன்று உடம்பில் ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அப்போது உனக்கே தெரியும். சொல்லி முடித்த பிறகு எனக்கு ஒரு கார்டு போடு. கார்டு வந்த பிறகுதான் அவளையும் குழந்தைகளையும் ரயில் ஏற்றி அனுப்புவோம். இது உன் அம்மாவின் முடிவு. கனகமும் சரி என்றுவிட்டாள். அவள் வந்த பிறகு கடலைப் பற்றி நீ வாயைத் திறக்காதே. அவளாகப் போகலாம் என்றால் கூடப் போ. இறங்கினால் துணியைக் காவல் காத்துக்கொண்டு கரையில் உட்கார்.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது உன் அம்மா இருமிக்கொண்டே வந்து, "என்னா எழுதியிருக்கீங்க, படிங்க பாப்பம்" என்றாள். முழுவதும் படித்தேன். வகுப்பில் நடந்ததை மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் படித்தேன். முடித்ததும் கேட்டாள்.

"தண்ணியில நாங்க எப்படி இருந்தோம், என்னா மாதிரி மிதந்தோம்னு ஒண்ணும் எழுதலியே?"

"நான்தான் பாக்கவே இல்லையே. கோபுரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"திரும்பிப் பாக்கணும்னு தோணலியா?"

"தோணுச்சு."

அவள் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, மடித்து, உறைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த தடவ போறப்ப எங்க பக்கம் பாத்து உக்காருங்க. பாத்துட்டு வந்து யாருகிட்டயும் சொல்லாதீங்க."

இந்தக் கடைசி வரிகளைச் சேர்ப்பதற்காக உறையைத் திரும்பப் பிரித்தேன்.

உன் கார்டுக்காகக் காத்திருக்கும்,
அப்பா